உடைந்த ஃபைலைப் பற்றி நோயாளியிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பல் மருத்துவம் படித்து முடித்து, ஒரு சீனியரின் கிளினிக்கில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வேலையை எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். போன வாரம் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பிரிட்ஜ் (இரு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் கட்டுப் பல்) வைக்க வந்தார். கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் பல்லையும் பின்னால் இருக்கும் முதல் கடைவாய்ப் பல்லையும் பிடித்துத்தான் பிரிட்ஜ் கட்ட வேண்டும். அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன் சார்தான் வேர் சிகிச்சை செய்திருக்கிறார். கடித்தால் அங்கே லேசாக வலிக்கிறது என்றார் அந்த அம்மா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முன்பக்க வேருக்குள், வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவியான ஃபைலின் உடைந்த துண்டு இருக்கிறது, வேர் நுனியில் கறுப்பாக நிழலும் தெரிகிறது. கேஸ் ஷீட்டில் 'வேர் சிகிச்சை முடிந்தது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சாரிடம் கேட்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும். ஃபைல் உடையாத டாக்டர் யாரு? சொன்னா அந்தம்மா பயந்துடுவாங்க. பிரிட்ஜை வச்சு அனுப்பு" என்றார். சொன்னால் கற்றுக்கொடுத்தவருக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை. மாதத்துக்கு இத்தனை கேப் (பல்லை மூடும் உறை) போட வேண்டும் என்று இங்கே இலக்கும் உண்டு, அதுவும் உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

சொல்லத்தான் வேண்டும். அதுவும் பிரிட்ஜுக்காகப் பல்லைச் செதுக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் நீங்கள் பார்த்தது ஃபைல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சார் ஒப்புக்கொண்டதால் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் நோயாளியிடம் பேசப் போகிறவர் நீங்கள், அதனால் உங்கள் கண்ணால் தெரிந்துகொள்வது நல்லது. ஃபைலின் நிக்கல்-டைட்டானியம் உலோகத் துண்டும், வேருக்குள் அடைத்து வைத்த ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவும் ஒரே எக்ஸ்ரேயில் ஒட்டிக் கிடந்தால் பிரித்துப் பார்ப்பது சில நேரம் கஷ்டம். எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் சுமார் 20 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். முன்பக்க வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களான இரண்டு கால்வாய்களும் விலகித் தெரியும். துண்டு எந்தக் கால்வாயில் இருக்கிறது, வேரின் மேல்பகுதியிலா நடுவிலா நுனியிலா, அதற்குக் கீழே அடைப்பு போயிருக்கிறதா வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெறுமையான இடம்தான் முக்கியம். துண்டு விஷமில்லை, அது வழியை மறித்ததால் சுத்தம் செய்யப்படாமல் விடுபட்ட பகுதியும் அதில் தங்கிய கிருமிகளும்தான் பிரச்சினை.

அடுத்து, ஒன்றரை ஆண்டுக்கு முன் சிகிச்சை தொடங்கும்போது எடுத்த படத்தைத் தேடி எடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படத்தில் நிழலாகத் தெரியும் வேர் நுனிப் புண் ஆறுவதற்கு நான்கு ஆண்டுகள் வரைகூடப் பிடிக்கலாம். பழைய படத்தில் பெரிய நிழலாக இருந்து இப்போது சிறுத்திருந்தால் பல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய படத்தில் இல்லாத நிழல் இப்போது வந்திருந்தால் கதை வேறு. கடிக்கும்போது வரும் வலிக்கும் ஃபைல்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விட்டுப்போன ஒரு கால்வாய், பல்லில் ஒரு விரிசல், கசியும் அடைப்பு, உயரமாக நிற்கும் ஃபில்லிங் என்று எதுவாகவும் இருக்கலாம். தட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முகடாகக் கடிக்க வைத்துப் பாருங்கள், ஈறு ஓரமாக ஆழம் அளக்கும் புரோப் விட்டு ஒரே இடத்தில் குறுகலாக ஆழம் இறங்குகிறதா என்று பாருங்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு உண்மை பேசப் போனால் அந்த அம்மாவுக்கும் நல்லதில்லை, சாருக்கும் நியாயமில்லை.

இனி சார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. வளைந்த, குறுகலான வேரில் சுழலும் ஃபைல் களைத்தோ திருகிக்கொண்டோ உடைவது கவனமான கைகளிலும் நடக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வேரில்தான் இது அதிகம் நடக்கிறது. ஃபைல் உடைந்தது என்பதற்காக மட்டும் யாரையும் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட முடியாது. துண்டு உள்ளேயே தங்கினாலும் பெரும்பாலான பற்கள் பிழைத்துக்கொள்கின்றன. 2010-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், துண்டு தங்கிய பற்களில், முன்பே வேர் நுனியில் புண் இருந்தவற்றில் சுமார் 80 விழுக்காடும் புண் இல்லாதவற்றில் சுமார் 92 விழுக்காடும் நன்றாக ஆகியிருந்தன. துண்டைவிட, தொடங்கும்போதே புண் இருந்ததா என்பதுதான் பலனைக் கூடுதலாகத் தீர்மானித்தது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அந்த அம்மாவிடம் சொல்லப் போவது கெட்ட செய்தி மட்டும் இல்லை. நம்பிக்கை தரும் பாதியும் அதில் இருக்கிறது. மறைத்துவிட்டால் அந்தப் பாதியையும் சொல்ல வழியில்லாமல் போய்விடும்.

உடைந்தது தவறு இல்லை, சொல்லாமல் விட்டதுதான் தவறு. அந்தத் தவறு இன்றுவரை சாருடையது. பிரிட்ஜை நீங்கள் வைத்த நிமிடத்திலிருந்து அது உங்களுடையதும் ஆகிவிடும். அந்த அம்மா என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று பாருங்கள். முன்னால் இருக்கும் ஒரு பல்லைச் சுற்றிலும் செதுக்கச் சம்மதிக்கப் போகிறார். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பல்லைக் காவு கொடுப்பது பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல் பல ஆண்டு தாங்கும் என்ற நம்பிக்கையில். அந்தப் பல்லுக்குள் துண்டு இருக்கிறது, நுனியில் நிழல் இருக்கிறது, இப்போதே வலிக்கிறது என்று தெரிந்தால் அவர் பிரிட்ஜே வேண்டாம் என்று சொல்லலாம். முதலில் இந்தப் பல்லைச் சரி பண்ணுங்கள் என்று சொல்லலாம். இடைவெளியில் இம்பிளான்ட் வைக்கலாமா, கழற்றி மாட்டும் பல்செட் போதுமா என்று கேட்கலாம். எல்லாம் தெரிந்த பிறகு, பரவாயில்லை, பிரிட்ஜே வையுங்கள் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவர் வாய், அவர் முடிவு. பாதியை மறைத்துவிட்டு வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது.

பயந்துவிடுவார் என்கிறார் சார். நோயாளிகள் பயப்படுவது உண்மைதான், அந்தப் பயத்தைத் தணிப்பதும் நம் வேலைதான். ஆனால் பயந்துவிடுவார் என்பதற்காகச் சொல்லாமல் விடுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நான்கைந்து ஆண்டு கழித்து ராத்திரியில் கன்னம் வீங்கி அவர் வேறொரு மருத்துவரிடம் போவார். அங்கே ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். "உள்ளே ஊசி உடைஞ்சு கிடக்கே, யாரும் சொல்லலையா?" என்று அந்த மருத்துவர் கேட்பார். அன்றைக்கு வரும் பயம் இன்றைக்கு வருவதைப் போலப் பல மடங்கு. கோபமும் கூடவே வரும். பயத்தைத் தவிர்க்கச் சொல்லப்படும் இந்தக் காரணத்தில் உண்மையில் யாருடைய பயம் இருக்கிறது என்று சார் தனியாக உட்கார்ந்து யோசித்தால் அவருக்கே தெரியும்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை உங்களை எவ்வளவு அழுத்துகிறது என்று புரிகிறது. நம் தொழில் கைத்தொழில். கற்றுக்கொடுத்தவர் நம் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த நன்றிக் கடன் பொய் இல்லை. ஆனால் அதை நீங்கள் உங்கள் உழைப்பாலும் மரியாதையாலும் அடைக்கலாம், அந்த அம்மாவின் பல்லைக் கொடுத்து அடைக்க முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நெறிக்கோவை இந்தச் சிக்கலைத் தெளிவாகவே தொடுகிறது. நோயாளியின் தன்னுரிமை, தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி ஆகியவற்றோடு உண்மை பேசுவதையும் ஐந்தாவது அடிப்படையாகத் தனியே வைத்திருக்கிறது. முன்பு சிகிச்சை செய்தவரைத் தாழ்த்திப் பேசாமல், வாயின் இப்போதைய நிலையை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். நிலையை மறைக்கவும் கூடாது, ஆளைத் தூற்றவும் கூடாது. உங்கள் சாரைப் பற்றி ஒரு தரக்குறைவான சொல்கூடச் சொல்லாமல் அந்த அம்மாவிடம் முழு உண்மையையும் சொல்ல முடியும்.

அதனால் அந்த அம்மாவிடம் போவதற்கு முன் சாரிடம் இன்னொரு முறை பேசுங்கள். நோயாளிகள் எல்லாம் போன பிறகு, உதவியாளர்கள் இல்லாத நேரத்தில், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். போன தடவை நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், அவர் பதில் சொல்லிவிட்டார். இந்த முறை உங்கள் நிலையைச் சொல்லுங்கள். "சார், இந்தப் பல்லை நம்பி முன்னால இருக்கிற பல்லைச் செதுக்க எனக்கு மனசு வரல. அந்தம்மாகிட்ட நீங்க சொன்னா நல்லா இருக்கும். செஞ்சவர் நீங்க, உங்க வாயால கேட்டா அவங்க ஏத்துக்குவாங்க. வேணும்னா நானும் கூட இருக்கேன்." இந்த அளவு போதும். நெறி, சட்டம் என்று பிரசங்கம் வேண்டாம். முதலில் அவருக்கே வாய்ப்புக் கொடுப்பது மரியாதை, அதே நேரம் நோயாளிக்கும் அதுதான் நல்லது. செய்தவரே வந்து, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தப்பு என்று சொல்வதற்கு இருக்கும் பலம் வேறு யார் சொன்னாலும் வராது.

அவர் வழக்கு வரும் என்று பயந்தால், இதைச் சொல்லிப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2001 முதல், தவறு நேர்ந்தால் நோயாளியிடம் தாங்களே சொல்வது, விளக்குவது, தேவைப்பட்டால் ஈடு கொடுக்க முன்வருவது என்று நடைமுறையை மாற்றினார்கள். 2010-ல் வெளியான ஆய்வின்படி, அதற்கு முன் ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு மாதம் 2.13 என்றிருந்த வழக்குகளின் விகிதம் 0.75 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் வேறு சில மாற்றங்களும் நடந்திருக்கலாம், எல்லாப் புகழும் இதற்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால் வழக்குகள் கொட்டும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை.

அப்படியும் சார் மறுத்தால்? பிரிட்ஜ் வேலையை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, படத்தில் என்ன டாக்டர் தெரிந்தது என்று கேட்கும்போது, அவர் உங்கள் நோயாளி. பரிசோதித்தவர் நீங்கள், படம் எடுத்தவர் நீங்கள். சாரின் அனுமதி இல்லை என்பதற்காக அவரிடம் பொய் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. நீங்களே சொல்ல வேண்டியதுதான்.

சொல்லும்போது நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்த நிலையில் சொல்லாதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், மாஸ்க்கைக் கழற்றுங்கள், படத்தைத் திரையில் காட்டுங்கள். வீட்டிலிருந்து யாரையாவது கூட வைத்துக்கொள்ள விரும்பினால் கூப்பிடச் சொல்லுங்கள். "அம்மா, இந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செஞ்சப்போ, உள்ளே சுத்தம் பண்ற மெல்லிய கருவியோட நுனி உடைஞ்சு வேருக்குள்ளயே தங்கியிருக்கு. இதோ இதுதான். இது சில நேரம் நடக்கறதுண்டு. உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கணும். இப்போ வேர் நுனியில ஒரு நிழலும் தெரியுது. அதனால இந்தப் பல்லை நம்பி பிரிட்ஜ் கட்டறதுக்கு முன்னாடி இதை என்ன செய்யலாம்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசட்டும்.

துண்டு ரத்தத்தில் கலந்து எங்காவது போய்விடுமா என்று கேட்பார். அது வேருக்குள் இறுகிச் சிக்கியிருக்கிறது, அப்படி ஓடாது என்று சொல்லலாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றும் கேட்பார். இந்தக் கேள்விக்கு நீங்கள் சார் சார்பில் காரணம் கற்பிக்க வேண்டாம். "சொல்லியிருக்கணும். அதைப் பத்தி நீங்க அவர்கிட்டயே கேட்கலாம்" என்பது நேர்மையான பதில். அழுதாலும் கத்தினாலும் அவசரப்படுத்த வேண்டாம், அன்றைக்கே முடிவு கேட்கவும் வேண்டாம்.

வழிகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றின் குறையையும் சேர்த்தே சொல்லுங்கள். நிழல் சிறுத்துவருகிறது, வலிக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது என்றால், பிரிட்ஜைத் தள்ளிவைத்துச் சில மாதம் கவனிப்பது நியாயமான வழி. இல்லையென்றால் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பலாம். துண்டு வளைவுக்கு மேலே நேரான பகுதியில் இருந்தால் அல்ட்ராசானிக் முனையால் சுற்றிலும் தளர்த்தி எடுக்க வாய்ப்பு உண்டு, அல்லது பக்கவாட்டில் நுழைந்து கடந்து போய்ச் சுத்தம் செய்யலாம். நுனிக்கு அருகே, வளைவைத் தாண்டிக் கிடந்தால் எடுக்கப் போய் வேரின் சுவரையே மெலிதாக்கி ஓட்டை போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. எடுத்தே தீர வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். சில பற்களுக்கு வேர் நுனி அறுவை சிகிச்சை பொருந்தும், சிலவற்றைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். மறுசிகிச்சைக்கான செலவை அந்த அம்மா தலையில் கட்டுவது என் பார்வையில் முறையில்லை. கிளினிக்தான் ஏற்க வேண்டும், இதையும் சாரிடம் பேசும்போதே எழுப்புங்கள்.

கேஸ் ஷீட்டில் இன்றைய தேதியிட்டு, நீங்கள் கண்டதை எழுதுங்கள். எந்தப் பல், எந்த வேர், துண்டு எந்த மட்டத்தில், நிழல் எவ்வளவு, நோயாளியிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன கேட்டார், என்ன முடிவு. ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய பக்கத்தில் யார் சொன்னாலும் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். பழைய குறிப்பில் விட்டுப்போனது மறதி என்றாவது சொல்லலாம். பிறகு திருத்தியது தெரிந்தால் அது மோசடி. எக்ஸ்ரேயின் நகல் கேட்டால் அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

கேப் இலக்கைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். ஆனால் நாளாவட்டத்தில் உங்களை அதிகம் அரிக்கப் போவது அதுதான் என்று நினைக்கிறேன். ஃபைல் உடைந்ததைப் போல அது ஒரு நாளில் கண்ணில் படாது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் முகடுகளை மூடும் கேப் தேவைதான், அதைச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். சிக்கல் நடுவில் இருக்கும் பற்களில். சொத்தையின் தொடக்கமான, எனாமல் உடையாத வெள்ளைப் புள்ளிக்கு ஃபுளோரைடு வார்னிஷ் போட்டுக் கவனித்தால் போதும் என்ற இடத்தில் டிரில்லை எடுக்க வைப்பதும், சின்ன ஃபில்லிங் தாங்கும் பல்லுக்குக் கேப் சொல்ல வைப்பதும் இலக்குதான். நம் துறையில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் அதிகம் என்பதால் பேராசையும் அந்த இடத்திலேயே ஒளிந்துகொள்கிறது. 1997-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் ஒரே வாயை 50 பல் மருத்துவர்களிடம் காட்டினார். அவர்கள் சொன்ன மிகக் குறைந்த செலவு மதிப்பீட்டுக்கும் மிக அதிகமான மதிப்பீட்டுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது மடங்கு வித்தியாசம் வந்தது. அந்த இடைவெளி முழுவதையும் நேர்மையான கருத்து வேறுபாடு என்று என்னால் நம்ப முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேப் என்று வாயால் சொல்வதற்கு முன், ஏன் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். எந்த முகடு உடைந்தது, எந்தச் சுவர் எவ்வளவு மெலிந்தது, விரிசல் எங்கே ஓடுகிறது என்று எழுத வேண்டும். கூடவே ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பல்லுக்குக் கேப் தேவையில்லை. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தது ஏன் என்று கேட்டால், அந்தக் குறிப்புகளையே காட்டிப் பேசலாம்.

இதெல்லாம் செய்தால் வேலை போய்விடலாம். போகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இப்போதே வேறு இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொழில் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி ஆலோசனை கேளுங்கள். நோயாளிகளின் படங்களையோ ஷீட்டையோ வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், அது அவர்களுடைய ரகசியம். சாரிடம் எந்தத் தேதியில் என்ன பேசினீர்கள் என்று, நோயாளியின் பெயர் இல்லாமல், உங்களுக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும். விலக நேர்ந்தால், உங்கள் கையில் பாதி வேலையில் இருக்கும் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று எழுதி ஒப்படைத்துவிட்டு, அவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த அம்மாவை மட்டும், நிபுணர் அப்பாயின்ட்மென்ட் உறுதியாகும் வரை நீங்களே தொடர்ந்து விசாரித்துக்கொள்ளுங்கள்.